அறைக்குள் காற்றும் வெப்பமும்: கணினிக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.சி. அறை, வகுப்பறை, மருத்துவமனை வார்டு, சர்வர் அறை என எதுவானாலும், காற்று எப்படிச் சுழலும், வெப்பம் எங்கே தேங்கும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணினியில் பார்த்துவிட முடிகிறது. இதற்குக் கணினிவழிப் பாய்ம இயக்கவியல் என்று பெயர். துறைக்குள் எல்லோரும் சி.எஃப்.டி. என்றுதான் சொல்வார்கள். சிவப்பும் நீலமுமாகப் படம் எப்படியும் வந்துவிடும். தப்பான கணக்குக்கும் அதே அழகோடுதான் வரும். கட்டட வடிவமைப்பாளர்களும் மாணவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை.

சி.எஃப்.டி. விடை எத்தனை சதவீதம் சரியாக இருக்கும்?

எந்த விடை என்று முதலில் கேட்க வேண்டும். ஒரே கணக்கிலிருந்து வரும் எண்களுக்கே நம்பகம் வேறு வேறு.

வெளியேறும் காற்றின் வெப்பநிலை அளவீட்டோடு ஒத்துப்போகிறது என்று காட்டிப் பலர் திருப்தி அடைகிறார்கள். அதில் சி.எஃப்.டி.யின் சாமர்த்தியம் எதுவுமில்லை. எத்தனை வாட் வெப்பம் உள்ளே வருகிறது, எவ்வளவு காற்று போகிறது என்று நீங்களே கொடுத்துவிட்டீர்கள். வினாடிக்கு 0.1 கன மீட்டர் காற்று, 1,200 வாட் வெப்பம் என்றால், காற்றின் அடர்த்தி 1.2, தன்வெப்பம் 1,005 என்று போட்டு வகுத்தாலே 10 டிகிரி ஏற்றம் வந்துவிடும். அறையைக் கணக்குக்காகச் சிறு கட்டங்களாக வெட்டும் மெஷ் எவ்வளவு மோசமாக இருந்தாலும் இந்த எண் மாறாது.

மற்றவற்றில், கவனமாகச் செய்த கணக்கிடம் நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவு: அறையின் சராசரி வெப்பநிலையும் தரைக்கும் கூரைக்கும் உள்ள வேறுபாடும் அரை முதல் ஒரு டிகிரிக்குள். காற்றை அறைக்குள் விடும் வாயான டிஃப்யூசரிலிருந்து பாயும் தாரையின் வேகம் 10 முதல் 20 சதவீதத்துக்குள். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் 0.1 மீ/வி அளவில் தவழும் காற்றின் வேகம் 30, 40 சதவீதம் தள்ளிப்போவது சகஜம். சுவரின் வெப்பப் பாய்வு, மெஷ் சரியில்லை என்றால், பாதியாகவும் வரும், இரட்டிப்பாகவும் வரும். ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மாசின் செறிவுதான் எல்லாவற்றிலும் கடினம். இருமடங்குக்குள் வந்தாலே நல்ல கணக்கு.

இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிடும்போது மட்டும் நிலைமை கொஞ்சம் சாதகம். இரண்டுக்கும் ஒரே மெஷ் முறை, ஒரே கொந்தளிப்பு மாதிரி (காற்றின் சிறு சுழல்களை முழுதாகக் கணக்கிடாமல் தோராயமாகக் காட்டும் சமன்பாடுகள்) என்றால் பிழையின் பெரும்பகுதி இரண்டிலும் ஒரே பக்கம் சாயும். எது மேல் என்பதை, எவ்வளவு மேல் என்பதைவிட நம்பிக்கையோடு சொல்லலாம்.

பிழை பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? கொந்தளிப்பு மாதிரியிலிருந்துதானே?

பாடப்புத்தகம் படித்துவிட்டு வருபவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். நிஜ அறைக் கணக்கில் முதல் குற்றவாளி உள்ளீடு: காற்று உள்ளே வரும் விதம், சுவரின் வெப்பநிலை, கதிர்வீச்சு. இரண்டாவது மெஷ்ஷும் எண்முறையும். கொந்தளிப்பு மாதிரி மூன்றாவது இடத்தில்தான் நிற்கிறது. முதல் இரண்டையும் ஒழுங்கு செய்யாமல் மாதிரியை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பது, அடித்தளம் இறங்கிய வீட்டுக்குப் பெயின்ட் மாற்றுவது போலத்தான்.

டிஃப்யூசரை ஒரு சதுர ஓட்டையாகக் காட்டிவிட்டால் போதாதா?

போதாது. அறைக்குள் காற்றைச் சுழற்றுவது தாரையின் உந்தம். அது தப்பாகிவிட்டால் பிறகு வருவதெல்லாம் தப்பு.

30 செ.மீ. × 30 செ.மீ. கிரில் வழியே வினாடிக்கு 0.1 கன மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பரப்பு 0.09 ச.மீ. என்பதால் வேகம் 1.1 மீ/வி. ஆனால் கிரில்லின் தகடுகள் பாதியை அடைத்திருந்தால் உண்மையான வேகம் 2.2 மீ/வி. காற்றின் அளவு ஒன்றே, உந்தமோ இருமடங்கு. முழுப் பரப்பையும் திறந்த ஓட்டையாகக் காட்டினால் தாரை பாதி பலத்தோடு கிளம்பும்; குளிர்ந்த காற்று கூரையை ஒட்டிப் போகாமல் சீக்கிரமே கீழே சரியும்; உட்கார்ந்திருப்பவர் கழுத்தில் குளிர் அடிப்பதாகப் படம் காட்டும். நிஜத்தில் அப்படி நடக்காது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, முழுப் பரப்பையும் வைத்துக்கொண்டு, காற்றின் அளவு ஒரு எண்ணாகவும் உந்தம் தனி மூலமாகவும் கொடுப்பது. இரண்டாவது, டிஃப்யூசரைச் சுற்றி ஒரு கற்பனைப் பெட்டி போட்டு, அதன் முகங்களில் அளந்த வேகத்தையோ தயாரிப்பாளர் தரும் எறிதூரத் (தாரை எவ்வளவு தூரம் போகும் என்ற) தரவிலிருந்து எடுத்த வேகத்தையோ கொடுப்பது. நான்கு பக்கமும் வீசும் 60 செ.மீ. சதுர டிஃப்யூசருக்கு, குறைந்தபட்சம் நான்கு பிளவுகளையும் தனித்தனியாக, சரியான கோணத்தில் காட்ட வேண்டும். எந்த வழியில் போனாலும், ஆளில்லாத வெற்று அறையில் அந்த ஒரு டிஃப்யூசரை மட்டும் ஓட்டி, எறிதூரம் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலை. பின்னால் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

ஸ்பிளிட் ஏ.சி.யை எப்படிக் காட்டுவது?

12 டிகிரியில் காற்று வருகிறது என்று நிலையாகக் கொடுத்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒன்றரை டன் இயந்திரத்தின் மொத்தத் திறன் சுமார் 5.3 கிலோவாட். அதில் ஒரு பங்கு காற்றின் ஈரத்தை நீராக்கி வடிக்கவே போய்விடும். வெப்பநிலையைக் குறைக்க மிஞ்சுவது ஏறத்தாழ 3.8 கிலோவாட் என்று கொள்ளலாம். வினாடிக்கு 0.22 கன மீட்டர் காற்று என்றால் இது 14 டிகிரி இறக்கம். 26 டிகிரியில் உள்ளே போகும் காற்று 12-ல் வெளியே வரும், கணக்கு பொருந்துகிறது. ஆனால் அறை 30 டிகிரியில் இருக்கும்போதும் 12 டிகிரியே வருகிறது என்று வைத்தால், இயந்திரம் 4.8 கிலோவாட் வெப்பத்தை எடுப்பதாக ஆகிவிடும். அவ்வளவு திறன் அதற்குக் கிடையாது. உள்ளே இழுக்கும் காற்றின் சராசரி வெப்பநிலையை ஒவ்வொரு சுற்றிலும் படித்து, அதிலிருந்து 14 டிகிரியைக் கழித்து வெளிவிடும்படி இரண்டு முகங்களையும் இணைக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு வழி இருக்கிறது.

சுவருக்கு வெப்பநிலை கொடுப்பதா, வெப்பப் பாய்வு கொடுப்பதா?

அளந்த வெப்பநிலை கையில் இருந்தால் அதையே கொடுங்கள். வெப்பப் பாய்வைக் கொடுத்தால் மொத்த வெப்பம் சரியாக இருக்கும், ஆனால் சுவரின் வெப்பநிலை எங்கேயோ போய் நிற்கும். சுவர் 70 டிகிரி காட்டும் கணக்குகள் இப்படித்தான் பிறக்கின்றன. வெப்பநிலையைக் கொடுத்தாலோ, சுவரை ஒட்டிய மெஷ் தப்பாக இருந்தால் உள்ளே வரும் வாட் தப்பாகிவிடும். ஆக, எதைக் கொடுத்தாலும் மற்றதைக் கணக்கிலிருந்து எடுத்து நியாயமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அளவீடு இல்லாத புதுக் கட்டடம் என்றால் எனர்ஜிபிளஸ் போன்ற ஆற்றல் கணக்கு மென்பொருளை முதலில் ஓட்டி, குறிப்பிட்ட நாள், நேரத்துக்கான சுவர், கூரை, கண்ணாடி உட்புற வெப்பநிலைகளை அதிலிருந்து எடுப்பது நல்ல வழி. அது அறைக்காற்று முழுவதையும் நன்றாகக் கலந்த ஒரே கட்டியாகத்தான் பார்க்கும். ஆனால் சுவர் வெப்பத்தைச் சேமித்து மாலையில் விடுவதை ஆண்டு முழுக்க மணிக்கு மணி கணக்குப் போடும். சி.எஃப்.டி. செய்யாததை அது செய்கிறது.

உள்சுவர் எல்லாவற்றையும் வெப்பம் கடத்தாதது என்று போட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அடுத்த அறையும் அதே வெப்பநிலையில் இருந்தால் மட்டுமே அது சரி.

கதிர்வீச்சை விட்டுவிடலாமா? கணக்கு வேகமாக முடிகிறதே.

கூடாது. அறை வெப்பநிலையில் இரு பரப்புகளுக்கிடையே கதிர்வீச்சின் கடத்துகெழு ஒரு ச.மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 5.5 முதல் 6 வாட். செங்குத்துச் சுவரில் இயல்பான வெப்பச்சலனத்தின் கெழு, 4 டிகிரி வேறுபாட்டில், சுமார் 2 வாட். அறைக்குள் நடக்கும் வெப்பப் பரிமாற்றத்தில் பெரிய பங்கு காற்றைத் தொடாமலே போகிறது.

இதை முழுசாக உணர மே மாதத்துச் சென்னையின் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையை எடுத்துக்கொள்ளலாம். மாலையில் கூரையின் அடிப்பக்கம் 45 டிகிரி, மற்ற சுவர்களும் தரையும் 32 டிகிரி என்று கொள்வோம். 13 டிகிரி வேறுபாட்டுக்குக் கதிர்வீச்சு ஒரு ச.மீட்டருக்குச் சுமார் 80 வாட்டைக் கீழே அனுப்பும். சூடான காற்று கூரையடியில் அசையாமல் தங்கிவிடும் என்பதால், விசிறி ஓடாதபோது வெப்பச்சலனம் 10 வாட் அளவில்தான் சேர்க்கும். கதிர்வீச்சை நிறுத்திவைத்து ஓட்டினால் கூரையடியில் சூடான ஒரு அடுக்கு, கீழே குளிர்ச்சி என்று படம் வரும். நிஜ அறையில் கட்டிலும் தரையும் சுவரும் கொதித்து, அவற்றிலிருந்து காற்று சூடாகும்.

பரப்புக்குப் பரப்பு என்ற முறை போதும். காற்று கதிர்வீச்சை உறிஞ்சுவதை அறை அளவில் புறக்கணிக்கலாம். பெயின்ட் அடித்த சுவர், தரை, மரம் எல்லாவற்றுக்கும் உமிழ்திறன் 0.9 என்று வையுங்கள். பளபளக்கும் அலுமினியத் தாளுக்கு மட்டும் அது மிகக் குறைவு, அதையும் 0.9 என்றே விட்டுவிட்டு, கூரைக்கடியில் ஒட்டிய வெப்பத் தடுப்புத் தாள் வேலை செய்யவில்லை என்று முடிவுக்கு வரக் கூடாது.

மெஷ் எவ்வளவு நுண்ணியதாக இருக்க வேண்டும்?

4 × 4 × 3 மீட்டர் அறையை 5 செ.மீ. கட்டங்களாக வெட்டினால் 3.84 லட்சம் கட்டம், அதாவது செல். பாதியாக்கி 2.5 செ.மீ. என்றால் எட்டு மடங்கு, 30.72 லட்சம். ஆனால் சீராக வெட்டுவதே வீண். தாரை கிளம்பும் பிளவின் குறுக்கே 10 செல்லாவது வேண்டும். ஆள், கணினி போன்ற வெப்ப மூலங்களின் மேலே எழும் காற்றில் நெருக்கம் வேண்டும். நடு அறையில் 8 செ.மீ. இருந்தாலும் பரவாயில்லை.

எத்தனை செல் என்பதைவிட, மெஷ்ஷை மாற்றினால் விடை மாறுகிறதா என்பதுதான் முக்கியம். இதைச் சொல்ல ஒழுங்கான முறை ரோச் 1994-ல் முன்வைத்த மெஷ் ஒருங்கல் குறியீடு. மூன்று மெஷ் வேண்டும். ஒவ்வொன்றிலும் செல்லின் நீளம் முந்தையதைவிடக் குறைந்தது 1.3 மடங்கு சிறியதாக இருப்பது நல்லது. ஒரு மாதிரிக் கணக்கு:

3 லட்சம், 10 லட்சம், 34 லட்சம் செல் கொண்ட மூன்று மெஷ். நீள விகிதம் 1.5. தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை முறையே 27.75, 27.30, 27.10 டிகிரி. முதல் இரண்டின் வேறுபாடு 0.45, அடுத்த இரண்டின் வேறுபாடு 0.20. விகிதம் 2.25, அதாவது 1.5-இன் இரண்டாம் அடுக்கு. ஆக எண்முறை இரண்டாம் படியில் ஒருங்குகிறது (செல்லின் நீளம் பாதியானால் பிழை கால் பங்காகும்). இரண்டாம் படித் திட்டத்துக்கு இதுதான் வர வேண்டும். இப்போது 0.20-ஐ, 2.25-இல் ஒன்று கழித்த 1.25-ஆல் வகுத்து, பாதுகாப்புக் காரணி 1.25-ஆல் பெருக்கினால் 0.2 டிகிரி. மெஷ்ஷால் வரும் ஐயம் இவ்வளவுதான் என்று அறிக்கையில் எழுதலாம்.

படி 0.3 என்றோ 6 என்றோ வந்தால், அல்லது மூன்று எண்களும் ஏறி இறங்கினால், மெஷ் இன்னும் போதவில்லை, அல்லது கணக்கே நிலைகொள்ளவில்லை. இரண்டு மெஷ் மட்டும்தான் ஓட்ட முடிந்தது என்றால் பாதுகாப்புக் காரணியை 3 என்று எடுக்க வேண்டும். ஒரே மெஷ்ஷில் ஓட்டிவிட்டு, மெஷ் சோதனை செய்யப்பட்டது என்று எழுதுவதற்கு எந்தக் காரணியும் கிடையாது.

சுவரை ஒட்டிய முதல் செல்லுக்கு என்ன அளவு?

இங்கேதான் சுவரின் வெப்பப் பாய்வு தப்புகிறது. சுவரிலிருந்து உள்ள தூரத்தைப் பரிமாணமில்லாமல் சொல்லும் எண் ஒய்-பிளஸ். 0.3 மீ/வி அளவில் காற்று ஓடும் சுவரில் உராய்வு வேகம் ஏறத்தாழ 0.02 மீ/வி. அப்படியானால் ஒய்-பிளஸ் 1 என்பது சுவரிலிருந்து 0.75 மி.மீ.; 30 என்பது 22 மி.மீ.

சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கைக் கணக்கிடாமல் ஒரு விதியால் தாண்டிவிடும் சுவர்ச் சார்பு பயன்படுத்தினால் முதல் செல்லின் மையம் 30-க்கு மேல் இருக்க வேண்டும். சுவர் வரை கணக்கிடும் மாதிரி என்றால் 1-க்கு அருகே. நடுவில் 5 முதல் 20 வரை மாட்டிக்கொள்வதுதான் மோசம். மெஷ்ஷை நுணுக்கினால் துல்லியம் கூடும் என்று நம்பி நுணுக்கி, நேராக அந்தக் குழியில் போய் விழுபவர்கள் நிறைய.

இன்னொன்றும் உண்டு. வழக்கமான சுவர்ச் சார்பு, காற்று சுவரை ஒட்டி வேகமாக ஓடும்போது பொருந்தும் விதி. சூடான சுவரில் தானாக மேலெழும் காற்றுக்கு அந்த விதி செல்லாது. அறையின் வெப்பத்தை இயல்பான வெப்பச்சலனமே தீர்மானிக்கிறது என்றால் 1 மி.மீ.க்கும் குறைவான அடுக்கில் தொடங்கி, ஒவ்வொரு அடுக்கையும் 1.2 மடங்கு தடிமனாக்கி, 10 முதல் 15 அடுக்கு போடுங்கள். முடிவில் ஒரு கைக்கணக்கு: வெப்பநிலை வேறுபாட்டின் கனமூலத்தை 1.31-ஆல் பெருக்கினால் செங்குத்துச் சுவரின் கெழு கிடைக்கும். கணினி சொல்வது இதன் இருமடங்கு என்றால் கணினியைச் சந்தேகியுங்கள்.

எந்தக் கொந்தளிப்பு மாதிரி நல்லது?

சிங்யான் சென் குழுவினர் 2007-ல் எட்டு மாதிரிகளை நான்கு வகை உள்ளரங்கப் பாய்வில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் முதலாவதாக வந்த மாதிரி எதுவும் இல்லை. சராசரிப் பாய்வைக் கணக்கிடும் மாதிரிகளில் ஆர்.என்.ஜி. கே-எப்சிலானும் வி-ஸ்கொயர்-எஃப் வகையும் நன்றாக நின்றன. பெரிய சுழல்களை நேரடியாகவே கணக்கிடும் பெருஞ்சுழல் மாதிரி அதிக விவரம் தந்தது, ஆனால் அதற்கான நேரச் செலவு பல மடங்கு.

நடைமுறைக்கு: டிஃப்யூசர் வைத்த சாதாரண அறைக்கு ஆர்.என்.ஜி. கே-எப்சிலான். சுவரின் வெப்பம் முக்கியம், மெஷ்ஷும் நுண்ணியது என்றால் எஸ்.எஸ்.டி. கே-ஒமேகா. ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறைக்குப் பெருஞ்சுழல் மாதிரி. அங்கே காற்றை உள்ளும் வெளியும் தள்ளுவது சராசரி ஓட்டம் அல்ல, அலைக்கழிப்புதான் என்பதால் சராசரி மாதிரிகள் காற்றோட்டத்தைக் குறைத்துக் காட்டும். எந்த மாதிரியானாலும் மிதப்பு விசை கொந்தளிப்பைக் கூட்டுவதையும் அடக்குவதையும் கணக்கில் சேர்க்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள். சில மென்பொருள்களில் அது தானாக வராது. கூரையடியில் சூடான அடுக்கு இருக்கும் அறையில் இதை விட்டால் அடுக்கு கலைந்துபோகும்.

முதல் படி அப்விண்டில் (காற்று வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் திட்டத்தில்) ஓட்டினால் சீக்கிரம் ஒருங்குகிறதே?

ஒருங்கும். ஏனென்றால் காற்றைத் தேனாக மாற்றிவிட்டீர்கள். கட்டங்களுக்குக் குறுக்காக 0.2 மீ/வி வேகத்தில் காற்று போகிறது, செல் 5 செ.மீ. என்றால், அந்தத் திட்டம் சேர்க்கும் போலிப் பாகுநிலை 0.005 ச.மீ/வி அளவில் இருக்கும். காற்றின் சொந்தப் பாகுநிலை 0.000015, இது அதைப் போல 300 மடங்குக்கும் மேல். அறைக்குள் உண்மையான கொந்தளிப்பு தரும் பாகுநிலையும் இதே வரிசையில்தான் இருக்கும் என்பதால், நீங்கள் எந்த மாதிரியைத் தேர்ந்தாலும் வித்தியாசம் தெரியாது. தொடக்க நூறு இருநூறு சுற்றுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். இறுதி விடை இரண்டாம் படியில்தான் வர வேண்டும்.

ரெசிடுவல் (சமன்பாடுகளில் இன்னும் மிச்சமிருக்கும் பிழை) ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே போய்விட்டது. நிறுத்தலாமா?

அது மட்டும் போதாது. ஆற்றல் சமன்பாட்டுக்குப் பத்து லட்சத்தில் ஒன்று வரை போக வேண்டும். அதைவிட நம்பத்தக்க சோதனைகள் இரண்டு: உள்ளே வரும் வாட்டும் வெளியே போகும் வாட்டும் 1 சதவீதத்துக்குள் சமமாக வேண்டும், நான்கைந்து புள்ளிகளில் கண்காணித்த வேகமும் வெப்பநிலையும் பல நூறு சுற்றுகளுக்கு அசையாமல் நிற்க வேண்டும்.

சில நேரம் எவ்வளவு ஓட்டினாலும் அவை ஊசலாடிக்கொண்டே இருக்கும். பல பேர், ஒவ்வொரு சுற்றிலும் விடை எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் தளர்வுக் காரணியைக் குறைத்துக் குறைத்து அடக்கப் பார்ப்பார்கள். குளிர்ந்த தாரையும் சூடான எழுகாற்றும் மோதும் அறையில் பாய்வே நிலையற்றது. கணினி உண்மையைத்தான் சொல்கிறது. காலத்தோடு மாறும் கணக்குக்குப் போய்ச் சராசரி எடுங்கள். அறையின் கனஅளவைக் காற்றின் அளவால் வகுத்தால் வரும் காலம் ஒரு அலகு: 60 கன மீட்டருக்கு 0.1 என்றால் 600 வினாடி. மூன்று அலகு ஓட்டித் தொடக்கத்தின் தடத்தை அழித்து, பிறகு இரண்டு மூன்று அலகுக்குச் சராசரி.

என் முறை சரியா என்று எதை வைத்துச் சோதிப்பது?

விடை தெரிந்த கணக்குகளை முதலில் போட்டுப் பாருங்கள். இந்த வரிசையில் போனால் எங்கே தடுமாறுகிறீர்கள் என்பது தெரியும்.

டி வால் டேவிஸ் 1983-ல் தந்த சதுரக் குழி. ஒரு பக்கம் சூடு, எதிர்ப்பக்கம் குளிர், மேலும் கீழும் காப்பு. ராலே எண் (மிதப்பின் வலிமையைச் சொல்வது) ஒரு லட்சத்துக்குச் சராசரி நுசெல்ட் எண் (வெறும் கடத்தலைப் போல எத்தனை மடங்கு வெப்பம் போகிறது என்பது) 4.52, பத்து லட்சத்துக்கு 8.80. கொந்தளிப்பு இல்லை. இதில் 1 சதவீதத்துக்கு மேல் விலகினால் தவறு மெஷ்ஷிலோ நீங்கள் கொடுத்த எண்களிலோதான்.

அடுத்து, டென்மார்க்கின் பீட்டர் நீல்சன், பன்னாட்டு ஆற்றல் முகமையின் இணைப்பு 20 திட்டத்துக்காக 1990-ல் வரையறுத்த அறை. நீளம் 9 மீட்டர், உயரம் 3 மீட்டர். கூரையை ஒட்டி 16.8 செ.மீ. பிளவில் 0.455 மீ/வி வேகத்தில் காற்று வரும். எதிர்ச்சுவரின் அடியில் 48 செ.மீ. திறப்பு வழியே போகும். ரெய்னால்ட்ஸ் எண் 5,000, கொந்தளிப்புச் செறிவு 4 சதவீதம், வெப்பம் கிடையாது. 3 மீட்டரிலும் 6 மீட்டரிலும் செங்குத்துக் கோட்டில் லேசரால் அளந்த வேகம் இருக்கிறது. கூரைத் தாரை எல்லோருக்கும் நன்றாகவே வரும். தூரத்து மூலையிலும் தரையருகிலும்தான் மாதிரிகள் பிரியும்.

மூன்றாவது, பெட்ஸும் பொகாரியும் 2000-ல் வெளியிட்ட உயரக் குழி: 2.18 மீட்டர் உயரம், 7.6 செ.மீ. அகலம், இரு சுவர்களுக்கும் 19.6 அல்லது 39.9 டிகிரி வேறுபாடு. மிதப்பும் கொந்தளிப்பும் சேரும்போது உங்கள் சுவர் மெஷ் தாங்குகிறதா என்பதை இது சொல்லிவிடும்.

சொந்த அறையில் அளந்து ஒப்பிட்டால், கணினி சொல்வதைவிட அளந்த வேகம் எப்போதும் அதிகமாகவே வருகிறது. ஏன்?

இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. சூடேற்றிய உருண்டை முனை கொண்ட வேகமானி, திசை எதுவானாலும் வேகத்தின் அளவைக் காட்டும். சி.எஃப்.டி. தருவது சராசரித் திசைவேகத்தின் அளவு. முன்னும் பின்னும் அசையும் காற்று அதில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சராசரி வேகத்தின் வர்க்கத்தோடு கொந்தளிப்பு ஆற்றலின் இருமடங்கைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஓரளவு ஒப்பிடலாம். கணினி 0.10 மீ/வி, கொந்தளிப்பு ஆற்றல் 0.005 என்றால், கருவி காட்டக்கூடியது 0.14. இந்த 40 சதவீதத்தை மாதிரியின் பிழை என்று எழுதிவிடாதீர்கள். மேலும் 0.05 மீ/விக்குக் கீழே அந்தக் கருவி தன் சூட்டிலேயே காற்றைக் கிளப்பிவிடும்.

வெப்பநிலைக்கு மெல்லிய தெர்மோகப்பிள், பளபளக்கும் தாளால் கதிர்வீச்சு மறைப்பு; மறைப்பில்லாமல் சூடான கூரைக்கடியில் தொங்கவிட்டால் காற்றையல்ல, கூரையையும் சேர்த்து அளப்பீர்கள். ஒரு கம்பத்தில் 0.1, 0.6, 1.1, 1.7 மீட்டரிலும் கூரைக்கு 10 செ.மீ. கீழேயும் கட்டினால் அடுக்கு தெரியும்.

காற்று எத்தனை முறை மாறுகிறது என்பதற்குக் கரியமில வாயு மீட்டரே போதும். ஆட்கள் வெளியேறியபின் அளவு 1,400 பிபிஎம்மிலிருந்து அரை மணி நேரத்தில் 665-க்கு இறங்குகிறது, வெளியே 420 என்று கொள்ளுங்கள். வெளிக்காற்றைக் கழித்தால் 980 நான்கில் ஒன்றாகி 245. நான்கின் இயல் மடக்கை 1.386, அரை மணியால் வகுத்தால் மணிக்கு 2.8 முறை. அளக்கும்போது ஒரு சின்ன விசிறி ஓடிக் காற்று கலந்திருக்க வேண்டும்.

ஜன்னல் வழிக் காற்றோட்டத்துக்கு வேறு என்ன கவனிக்க வேண்டும்?

வெளியே உள்ள காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கட்டடத்தின் உயரத்தைப் போல முன்னாலும் பக்கங்களிலும் மேலேயும் 5 மடங்கு, பின்னால் 15 மடங்கு வெளி விடுங்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் இதுதான். வரும் காற்று தரையருகே மெதுவாக, மேலே வேகமாக இருக்க வேண்டும். ஒரே வேகத்தில் கொடுத்தால் தரைத்தளத்துக்கு இல்லாத காற்று கிடைத்துவிடும்.

கைக்கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே ஒரு ச.மீ. ஜன்னல் இரண்டு, காற்று 2 மீ/வி, அழுத்தக்கெழு வேறுபாடு 1 என்றால் அழுத்தம் 2.4 பாஸ்கல், வெளியேற்றக் கெழு 0.6 போட்டால் வினாடிக்கு 0.85 கன மீட்டர். சி.எஃப்.டி. 3 என்று சொன்னால் எங்கோ ஓட்டை. கொசு வலை அடித்த ஜன்னலைத் திறந்த ஓட்டையாகக் காட்டுவதும் கணக்கை வெகுவாகக் கெடுக்கும். அழுத்த இழப்புள்ள நுண்துளைப் பரப்பாகக் கொடுங்கள்.

கடலோர ஊர்களுக்கு ஒரு குறிப்பு. வெளிக்காற்றில் கிலோவுக்கு 20 கிராம் நீராவியும் ஏ.சி. அறையில் 10 கிராமும் இருந்தால், ஈரமே 1.8 டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்குச் சமமான அடர்த்தி வேறுபாட்டைத் தரும். கதவைத் திறந்தால் எவ்வளவு குளிர் வெளியேறும் என்று பார்க்கும்போது ஈரத்தை விட்டுவிட முடியாது.

சீலிங் ஃபேன்?

இறக்கைகளைச் சுழலவிட்டுக் கணக்கிடலாம். ஒரு அறைக்கு அது பெரும்பாலும் வீண் செலவு. இறக்கைகள் சுழலும் வட்டத்தை ஒரு தட்டையான உருளையாக்கி, கீழ்நோக்கிய உந்தமும் சுழற்சியும் கொடுத்தால் போதும். சுழற்சியை விட்டால் காற்று ஒரே தூணாகக் கீழே இறங்கி, அறையின் ஓரங்கள் அசையாமல் நிற்கும். 1,200 மி.மீ. விசிறியின் பெட்டியில் நிமிடத்துக்கு 210 கன மீட்டர் என்றிருந்தால், வட்டப் பரப்பால் வகுக்க 3.1 மீ/வி வரும். ஆனால் அது விசிறிக்குக் கீழே தள்ளி அளந்த எண். பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்ட காற்றும் அதில் சேர்ந்திருக்கிறது. அதையே இறக்கை மட்டத்தில் கொடுத்தால் வேகம் மிகும். தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் ஐந்தாறு இடத்தில் அளந்து, அதற்குப் பொருந்தும்படி மூலத்தைச் சரிசெய்வதே நேர்வழி. ரெகுலேட்டரின் ஒவ்வொரு எண்ணுக்கும் தனியாக.

ஆலோசகர் தரும் அறிக்கையில் என்ன கேட்பது?

டிஃப்யூசரை எப்படிக் காட்டினார்கள், கதிர்வீச்சு சேர்ந்ததா, மூன்று மெஷ்ஷில் வந்த எண்கள், சுவரில் ஒய்-பிளஸ்ஸின் வீச்சு, வெப்பச் சமநிலையில் மிச்சம் எத்தனை வாட். உள்ளரங்கக் கணக்கை எப்படி ஆவணப்படுத்துவது என்பதற்கு அமெரிக்கக் குளிரூட்டல், காற்றுப்பதனப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேயின் 33-ஆம் வழிகாட்டி 2013-ல் வந்திருக்கிறது; அதன்படி கொடுங்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். படங்களில் வண்ண அளவுகோலின் எல்லைகளையும் பாருங்கள். 24 முதல் 25 டிகிரி வரை விரித்துப் போட்டால் நல்ல அறையும் அடுப்பாகத் தெரியும். 10 முதல் 50 வரை போட்டால் அடுப்பும் நல்ல அறையாகத் தெரியும்.

வீட்டு லேப்டாப்பில் ஓட்ட முடியுமா?

முடியும். ஓபன்ஃபோம் என்ற சி.எஃப்.டி. மென்பொருள் இலவசம். பத்து லட்சம் செல்லுக்கு 1 முதல் 2 ஜி.பி. நினைவகம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 16 ஜி.பி. உள்ள கணினியில் 30 லட்சம் செல் நிலைக்கணக்கு ஓர் இரவில் முடிந்துவிடும். காலத்தோடு மாறும் கணக்குக்கு நாட்கணக்காகும். பெருஞ்சுழல் மாதிரிக்கு லேப்டாப்பை நம்ப வேண்டாம். மின்விசிறியின் இரைச்சல்தான் மிஞ்சும்.